விழுந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தேன்

முதல் தடவை நான் விழுந்தது வகுப்பறையில். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கை நடத்திக்கொண்டிருந்தேன். பலகையில் எண்களை எழுதிவிட்டுத் திரும்பியபோது பிள்ளைகளின் சத்தம் ஒரு குடத்துக்குள்ளிருந்து வருவதுபோலத் தள்ளிப் போயிற்று. தாடை இறுகியது. சாக்பீஸ் கையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அடுத்து எனக்குத் தெரிந்தது முதுகுக்குக் கீழே சிமெண்டுத் தரை. நின்ற இடத்திலிருந்து தரைக்கு எப்படி வந்தேன் என்பது இன்றுவரை நினைவில் இல்லை.

காது மட்டும் வேலை செய்தது. பிள்ளைகள் அழுவது கேட்டது. தலைமையாசிரியர் ஓடி வந்து, "சாவி, சாவி கொண்டாங்க" என்று கத்தினார். யாரோ என் விரல்களைப் பிரித்துப் பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். சத்துணவு சமைக்கும் அக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "டீச்சருங்க, கண்ணத் தொறங்க சாமி, ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் புடவையில் வெங்காயமும் புகையும் மணந்தன. கண்ணைத் திறக்க எனக்கும் ஆசைதான். இமைகள் என் பேச்சைக் கேட்கவில்லை. கை கால்கள் உதறிக்கொண்டிருந்தன. அவை என்னுடையவை என்றே தோன்றவில்லை.

எழுந்து உட்கார்ந்தபோது பகலெல்லாம் களை வெட்டியதுபோல உடம்பு வலித்தது. பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். பலகையில் கணக்கு பாதியில் இருந்தது. எல்லாரும் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நான் எழுந்துபோய் அதை முடித்தேன். அந்தக் காலத்தில் எதையும் பாதியில் விட எனக்குத் தெரியாது.

அதற்கு முந்தைய சில வருடங்களைச் சொல்லாமல் இது விளங்காது. என் கணவர் போர் போடும் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறார். எங்கள் பக்கத்தில் அது சாதாரண வேலை. மலைக்குக் கீழே இருந்து கிளம்பும் வண்டிகள் வடக்கே எங்கெங்கோ போகும். போனால் பல மாதம் கழித்துத்தான் ஆள் திரும்பும். மலைமேல் எடப்புளி நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. அங்கே நானும் மகளும் மாமனாரும். மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரங்கள் கொஞ்சம், காப்பிச் செடி கொஞ்சம், ஒரு மாடு.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போகவில்லை. வலது கையின் பலமும் போகவில்லை. காலையில் அவரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, மாட்டை அவிழ்த்துக் கட்டி, மகளைப் பள்ளிக்குக் கிளப்பிவிட்டு நான் என் பள்ளிக்கு நடப்பேன். மத்தியானம் ஒருமுறை ஓடி வந்து பார்ப்பேன். சாயங்காலம் மறுபடியும் அதே வேலைகள். துணி மாற்றும்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். விடமாட்டார். வாய் நிறைய வசவு வரும். நல்லாயிருந்தபோது என்னிடம் அதிர்ந்து பேசியிராத மனிதர். நோய் அவரை அப்படி ஆக்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு கோபப்படவும் வழியில்லை. கட்டில் மேல் குனிந்தபடி, கையை உருவிக்கொள்ளாமல், அவர் களைத்து விடும்வரை நிற்பேன்.

அவர் இறந்தபோது ஊரே என்னைப் பாராட்டியது. "பெத்த மக கூட இப்படிப் பார்க்க மாட்டாளுங்க" என்றார்கள். கணவர் வந்து காரியங்களை முடித்துவிட்டு வண்டிக்குத் திரும்பினார். எனக்கு அழுகை வரவில்லை. இனி நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். அதுவும் வரவில்லை. அந்த வருட மிளகைப் பறித்து, காயவைத்து, மூட்டை கட்டி முடித்த பிறகுதான் வகுப்பறையில் விழுந்தேன்.

அடுத்தடுத்து வந்தது. தண்ணீர் பிடிக்கும் குழாயடியில், சந்தை பஸ்ஸில், ஒருமுறை மாட்டுக்குத் தீனி போடும்போது. மலைக்குக் கீழே ஒரு டாக்டர் விவரம் கேட்டுவிட்டு, "ஃபிட்ஸ்தான்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விழுந்தாள், கை கால் உதறினாள் என்று கேட்டால் யாரும் அதைத்தான் சொல்வார்கள். மாத்திரை போட்டால் நின்றுகொண்டே தூங்கினேன். ஆனாலும் விழுவது நிற்கவில்லை. போய்ச் சொன்னால் மாத்திரையைக் கூட்டினார். கூட்டக் கூட்ட அதுவும் கூடியது.

அடுப்புப் பக்கம் போகாதே என்றார்கள். கிணற்றுப் பக்கம் போகாதே, மாட்டைப் பிடிக்காதே, தனியாக வழி நடக்காதே. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த மகள் சோறாக்கக் கற்றுக்கொண்டாள். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, "ம்மா, இருக்கியா?" என்று கேட்பாள். "இருக்கேன் கண்ணு" என்று நான் சொல்ல வேண்டும். சொல்ல ஒரு மூச்சு தாமதமானால் கதவைத் தட்டிவிடுவாள். கணவரின் அக்கா வந்து பார்த்துவிட்டு, "பெரியவரு போகாம ஊட்டையே சுத்தீட்டு நிக்கறாரு, அதுதான் இவள இப்படிப் போட்டு ஆட்டுது" என்றார். கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். கறுப்புக் கயிறு கட்டினார்கள். கோயில் வாசலிலேயே விழுந்தேன். சாமி வந்துவிட்டது என்று இரண்டு பேர் கையெடுத்துக் கும்பிட்டது எனக்குக் கேட்டது. சிரிக்கக்கூட முடியாமல் கிடந்தேன்.

பள்ளியில் தலைமையாசிரியர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். என் முகத்தைப் பார்க்காமல் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். பெத்தவங்க ரெண்டு மூணு பேரு வந்து சொல்லீட்டாங்க. கொழந்தைங்க பயந்துக்குதாமா. கொஞ்ச நாளைக்கு லீவு போட்டு ஒடம்பப் பாருங்க."

"சரிங்க சார்" என்றேன். வாதாட வலு இல்லை. அந்த வருடத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

விடுப்பில் இருந்தபோதுதான் அது நடந்தது. மகளுக்குச் செருப்பு வாங்க நாமக்கல் போயிருந்தோம். பஸ் ஸ்டாண்டில் கூட்டம். வெயில். குடத்துக்குள் சத்தம் போவது தெரிந்தது. மகளின் தோளைப் பிடித்தேன். பிடி நழுவியது. யார் யாரோ தூக்கி ஆட்டோவில் போட்டு ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே பணியில் இருந்தவர் இளம் டாக்டர். குரலில் தூக்கமின்மை தெரிந்தது. என் நெஞ்செலும்பில் விரல் முட்டியை வைத்து அழுத்தித் தேய்த்தார். உயிர் போகிற வலி. கத்த முடியவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தார். அது தானாக இறுக மூடிக்கொண்டது. என் கையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து விட்டார். கை முகத்தில் விழாமல் பக்கவாட்டில் விழுந்தது.

"பாத்தீங்களா சிஸ்டர்? மூஞ்சில விழாமப் பாத்துக்குது. ஃபிட்ஸெல்லாம் இல்ல. நடிப்பு. வீட்ல ஏதாவது சண்டையா இருக்கும்" என்றார். பிறகு என் மகளிடம், "உங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, கூட்டிட்டுப் போம்மா" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மீதிப் பாதியைச் சுமக்கத்தான் நாளாயிற்று.

மலை பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் முதல் கொண்டை ஊசி வளைவுகளில் சாய்ந்து ஏறும்போது, வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"ஏம்மா, நீ வேணும்னே பண்றியா?"

"இல்ல கண்ணு."

"அந்த டாக்டர் சொன்னாரே."

"கேட்டுச்சு."

இப்போது திரும்பினாள். "கேட்டுச்சா? எல்லாமே கேட்டுச்சா? அப்பறம் ஏம்மா எந்திரிக்கல?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நானே அதைப் பலமுறை என்னைக் கேட்டிருக்கிறேன். கேட்கிற காது இருக்கிறது, வலிக்கிற நெஞ்சு இருக்கிறது, எழுகிற உடம்பு மட்டும் எங்கே போகிறது? ஒருவேளை நான்தான் செய்கிறேனோ, எனக்கே தெரியாமல் நடிக்கிறேனோ என்ற சந்தேகம் அன்று எனக்குள் நுழைந்தது. அந்தச் சந்தேகம்தான் நோயைவிடக் களைப்பாக இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு தடவை விழுந்து எழும்போதும் மகள் முகத்தைப் பார்ப்பேன். அவளும் என் முகத்தைப் பார்ப்பாள். இரண்டு பேரும் எதையோ தேடுவோம்.

மகள்தான் அப்பாவுக்குப் போன் செய்து வரச்சொன்னாள். என்ன சொன்னாளோ, அவர் அடுத்த ரயிலில் ஏறிவிட்டார். சேலத்தில் நரம்பு டாக்டர் ஒருவரைப் பார்த்தோம். வயதான அம்மா. நரைத்த தலை, தடித்த கண்ணாடி. நான் சொல்வதை இடையில் வெட்டாமல் கேட்டார். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அந்தக் கதை மனப்பாடம். ஆனால் கடைசிவரை சொல்லவிட்டவர் அவர்தான். "விழுந்த பின்னால உங்களுக்குக் கேக்குதா?" என்று அவரே கேட்டார். அதுவரை அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்து, தலை முழுக்கக் கம்பிகளை ஒட்டி, மேலே ஒரு கேமராவையும் வைத்தார்கள். மூளையில் ஓடும் மின்சாரத்தையும் படத்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் சோதனை. இனி நான் விழ வேண்டும், அவ்வளவுதான். விழவில்லை. வேண்டாம் வேண்டாம் என்றபோதெல்லாம் வந்தது, வா என்று படுத்திருந்தால் வரவில்லை. கணவர் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதானவர் தன்னைத் துடைக்க வந்த மருமகளை அதட்டிக்கொண்டிருந்தார். "மெதுவாடி, மெதுவா" என்று. நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வந்தது.

மறுநாள் அந்த அம்மா எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டுக் காட்டினார். என்னை நானே பார்த்தேன். தலை இப்படியும் அப்படியும் ஆடுகிறது. கண் இறுக மூடியிருக்கிறது. உதறல் நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது. திரையின் கீழே கோடுகள் ஓடின.

"இந்தக் கோட்டப் பாருங்க. வலிப்பு நோயா இருந்தா உதறல் வரும்போது இங்க பெரிய அலையா அடிக்கும். உங்களுக்கு அப்படி இல்ல. முழிச்சிருக்கிறவங்க மூளை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கு. அதனால இது வலிப்பு நோய் இல்லம்மா."

"அப்ப நான் நடிக்கறேனுங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வெட்கப்பட்டா முகம் சிவக்குது. அதை யாராவது நடிச்சுச் செய்ய முடியுமா? பயந்தா கை நடுங்குது, வயித்தக் கலக்குது. மனசுல நடக்கிறது உடம்புல வர்றது தினமும் நடக்கிற விஷயம். உங்களுக்கு அது ரொம்ப தூரம் போயிருக்கு. மனசு தாங்க முடியாத இடத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் உடம்ப விட்டுப் போயிடுது. நீங்க அதைச் செய்யல. உங்களுக்கு அது நடக்குது. ரெண்டும் வேற."

மருந்தால் தீராது, பேசியும் பழகியும்தான் தீர வேண்டும் என்றார். வலிப்பு மாத்திரையைப் பட்டென்று நிறுத்தக் கூடாது, அவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். இப்படி வருகிறவர்கள் நிறையப் பேர், சிலருக்கு வலிப்பு நோயும் இதுவும் சேர்ந்தே இருக்கும், எனக்கு இது மட்டும்தான் என்றார். ஒரு மனநல டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். கணவர் டீயை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன் டம்ளரைக் குடிக்காமல் வைத்திருந்தார்.

"அப்ப மூளையில ஒண்ணும் கோளாறு இல்லீல்ல. அதே போதும்" என்றார். டம்ளரைப் பார்த்தபடி, "மனசு தாங்காத அளவுக்கு உனக்கு என்ன குறை வெச்சேன்?" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே."

"அந்தம்மா சொல்லுச்சே. அங்க ராவும் பகலும் மண்ணுலயும் புகையிலயும் கெடக்கறது யாருக்காக? எனக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்குது?"

சண்டை போட இருவருக்கும் தெம்பு இல்லாததால் அது சண்டையாகவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. வலிப்பு நோய் என்றால் நாலு பேரிடம் சொல்ல ஒரு பெயர் இருந்தது. இதை ஊரில் எப்படிச் சொல்வது? மூளையில் கட்டி என்றிருந்தால்கூடத் தேவலை என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்ததற்குப் பயந்து டீயைக் குடித்து முடித்தேன்.

மனநல டாக்டரைப் பார்க்க ஒரு சனிக்கிழமை விட்டு மறு சனிக்கிழமை மலையிறங்கினேன். விடிகாலை பஸ். வளைவுகளில் யாராவது வாந்தி எடுப்பார்கள். நானும் எடுப்பேன். அந்த டாக்டர் எங்கள் வயதுக்காரர், கொங்குப் பேச்சு. முதல் சில தடவை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. என்ன சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன் என்றே பேசினோம். இதற்கா இவ்வளவு தூரம் வருகிறோம் என்றிருந்தது. எல்லாரையும்போல நானும், ஏதோ ஒரு பெரிய காரணம் எனக்குள் புதைந்திருக்கும், அதை அவர் தோண்டி எடுத்தவுடன் எல்லாம் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்று கிடைக்கவே இல்லை. "ஒரே காரணம்தான் இருக்கோணும்னு இல்லீங்க" என்றார். "சொட்டு சொட்டா ரொம்பினதுல எந்தச் சொட்டுனு கேட்டா என்னன்னு சொல்றது?"

ஆனால் ஒருநாள் மாமனார் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வதைப் பற்றிச் சொன்னேன். புகாராகச் சொல்லவில்லை, அன்றாட வேலைகளைச் சொல்லும்போது அதுவும் வந்தது.

"அவரு பிடிச்சுட்டுத் திட்டும்போது நீங்க என்ன பண்ணுவீங்க?"

"சும்மா நிப்பேனுங்க."

"மனசுல?"

யோசித்தேன். யாரும் கேட்காததால் நானும் யோசித்ததில்லை. "அங்க இருக்க மாட்டேனுங்க" என்றேன். "அவரு குரலு தள்ளிப் போயிரும். எங்கியோ கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி. கையி என்ற கை மாதிரியே இருக்காது. அவரு விட்டதுக்கு அப்பறம் திரும்பி வந்துருவேன்."

சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். நான் அந்தக் கட்டிலருகே நின்றபடி, வருடக்கணக்கில், உடம்பை விட்டுப் போகப் பழகியிருக்கிறேன். அப்போது அது உதவியது. அது இல்லாவிட்டால் அந்த மனிதரை நான் தள்ளிவிட்டிருப்பேன், அல்லது ஓடியிருப்பேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. கேட்பாரின்றித் தானாக நடக்க ஆரம்பித்திருக்கிறது. அன்று அந்த அறையில் அழுதேன். மாமனாருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. அவர் மேல் கோபம் என்றும் சொல்ல முடியாது. களைப்பு. இறங்கி வந்து பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிட்டேன்.

அதற்குப்பின் வேலை ஆரம்பித்தது. சத்தம் தள்ளிப் போவதும் தாடை இறுகுவதும்தான் முன்னறிகுறி. அந்தச் சமயத்தில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, தரை குளிர்ச்சியா சூடா என்று பார்க்க வேண்டும். கண்ணில் படுவதை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கதவு. கொடி. நீலச் சட்டை. அடுப்புச் சாம்பல். சொல்ல எளிது. பத்து முறை முயன்றால் ஒருமுறைகூடக் கைகூடவில்லை, முதலில். கைகூடியபோதும் விழாமல் தப்பித்தேன் என்ற சந்தோஷம் வரவில்லை. விழுந்து எழுந்த அளவுக்கே அலுப்பு மிஞ்சியது.

கணவர் ஊரிலேயே கொஞ்ச மாதம் இருந்தார். கூட இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் அவருக்கும் சொல்லியிருந்தார்: பிடித்து அமுக்கக் கூடாது, கையில் எதையும் திணிக்கக் கூடாது, அடிபடாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து அமைதியாகப் பேச வேண்டும். "உனக்கு ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்" என்று சொல்லலாம் என்றாராம். என் கணவர் எங்கள் கல்யாணத்தில்கூட அப்படி ஒரு வார்த்தை பேசியவர் இல்லை.

காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் வந்தது. அவர் தன் துண்டைச் சுருட்டி என் தலைக்குக் கீழே வைத்தார். பக்கத்தில் உட்கார்வது தெரிந்தது. தொண்டையைச் செருமினார். அப்புறம் ஆரம்பித்தார்.

"போன வாட்டி ஒரு ஊருங்… ஒரு ஊரு. பேரு வாயில நுழையாது. காட்டுக்காரன், அந்த வெவசாயி, எடத்தக் காட்டுனான். முதல்ல செம்மண்ணு. சுளுவா எறங்கீருச்சு. அப்பறம் சுக்கான் கல்லு. அப்பறம் பாறை. பாறைன்னா பாறை, வண்டியே ஆடுது. வெள்ளைப் பொடியாப் பறக்குது, ஒருத்தன் மூஞ்சி ஒருத்தனுக்குத் தெரியல. காட்டுக்காரன் பொண்டாட்டி தூரமா ஒக்காந்து பாத்துட்டே இருக்குது. தண்ணி வருமா வராதான்னு அதுக்கு அடி வயித்துல பயம். ராடு மேல ராடு மாட்டறோம். அப்பறம் பொடி கொஞ்சம் நமுத்து வந்துச்சு. ஈரம்…"

அவர் முதல் வார்த்தையில் தடுமாறி என்னை வேற்று மனுஷிபோல 'ங்க' போட்டுப் பேசப் போனதும், பிறகு சரிசெய்துகொண்டதும் எனக்கு உள்ளே கேட்டது. அவர் வேலையைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. அந்தப் பெண் தூரத்தில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தேன். தண்ணீர் வந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. கண் திறந்தது.

"வந்துச்சுங்களா?" என்றேன்.

"என்னது?"

"தண்ணி."

"கொஞ்சமா" என்றார். "ஊட்டுப் பொழக்கத்துக்கு மட்டும் தாங்கும்." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டை எடுத்து உதறினார். டீக்கடையில் கேட்டதை அவர் மறுபடி கேட்கவே இல்லை.

அவர் திரும்ப வண்டிக்குப் போனார். போகாமல் முடியாது. நான் பள்ளிக்குத் திரும்பினேன். தலைமையாசிரியரிடம் டாக்டரின் சான்றிதழைக் கொடுத்து, விழுந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று சொன்னேன். "அப்ப இது ஃபிட்ஸ் இல்லீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "இல்லீங்க சார்." "அப்ப என்னங்க?" "மனசு சம்பந்தப்பட்டதுங்க." அந்த வார்த்தைக்கு அவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பைத்தியம் என்ற சொல் அவர் வாய்வரை வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. சத்துணவு அக்காவுக்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை. "சும்மா பக்கத்துல ஒக்காரோணும், அவ்வளவுதானுங்களே? ஒக்காந்துட்டாப் போச்சு" என்றார். வகுப்பில் பிள்ளைகளிடமும் சொன்னேன். டீச்சருக்குச் சில நேரம் உடம்பு சொன்னபடி அசையாது, காது மட்டும் கேட்கும், பயப்பட வேண்டாம் என்று. "வலிக்குமா டீச்சர்?" என்றது ஒன்று. "எந்திரிச்சதுக்கு அப்பறம் அலுப்பா இருக்கும்" என்றேன். அடுத்த முறை விழுந்தபோது ஒரு குழந்தைகூட அழவில்லை. எனக்குக் கேட்கும் என்பதால் வாய்ப்பாடு சொன்னார்கள்.

ஊரில் இன்னும் இரண்டு விதமாகத்தான் பேசுகிறார்கள். ஒரு பக்கம் நான் நடிக்கிறேன், இன்னொரு பக்கம் மாமனார் பிடித்திருக்கிறார். விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டது. மகள்தான் விடாமல் சொல்கிறாள். கணவரின் அக்கா ஒருமுறை, "உங்கம்மாளுக்கு வேலை செய்யாம இருக்க ஒரு சாக்கு" என்றபோது, "அத்தை, எங்கம்மா அப்படி இருந்திருந்தா இது வந்தே இருக்காதுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பஸ்ஸில் அவள் கேட்ட கேள்வியைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

மாதக்கணக்கில் வராமல் இருக்கும். போய்விட்டது என்று நினைப்பேன். பிறகு வரும். முன்பு போல அடிக்கடி இல்லை. வலிப்பு மாத்திரை முழுவதும் நின்றுவிட்டது. சனிக்கிழமைப் பயணம் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். குணமாகிவிட்டதா என்று கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. டாக்டர் குணம் என்ற சொல்லையே அதிகம் பயன்படுத்துவதில்லை.

இந்த வருடம் மகள் காலேஜில் சேர்ந்தாள். ஹாஸ்டலில் விட்டுவரப் போன அன்று எல்லாரும் நான் விழுவேன் என்று எதிர்பார்த்தார்கள். கணவர் விடுப்பு எடுத்து வந்திருந்தார். மகள் என் கையை விடவே இல்லை. நான் விழவில்லை. அவள் பெட்டியை அறையில் வைத்து, பாயை விரித்து, பக்கத்துப் பெண்ணோடு பேசிவிட்டு வந்தேன். கணவரும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் புறப்பட்டார்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, எந்தக் காரணமும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது சத்தம் தள்ளிப் போனது. கோழிகள், பக்கத்துத் தோட்டத்தில் யாரோ மரம் வெட்டுவது, எல்லாம். பாதத்தை அழுத்தினேன். கதவு என்றேன். போர்வை என்றேன். மூன்றாவது சொல் வரவில்லை.

கண் திறந்தபோது வீட்டில் யாரும் இல்லை. மடித்த துணியெல்லாம் கலைந்து என் கால்மாட்டில் கிடந்தது. மரம் வெட்டும் சத்தம் இன்னும் கேட்டது. எழுந்திருக்க அவசரப்படவில்லை. தரையில் படுத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். இதுதான் நான் புதிதாகக் கற்றுக்கொண்டது. பிறகு உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சுவரில் சாய்ந்துகொண்டேன். துணியை அப்படியே விட்டுவிட்டேன். மகள் போன் செய்தபோது, "வந்துச்சு, போயிருச்சு" என்றேன்.

"அடி பட்டுச்சாம்மா?"

"இல்ல."

"சாப்பிட்டியா?"

"இனிமேதான். சாமை இருக்குது, கொஞ்சம் வெக்கோணும்."

"மெதுவா வெய்யி" என்றாள். அந்தப் பக்கம் ஹாஸ்டல் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.